மேல்வாயில் அறுபத்து மூன்று

ஜனவரி 9, 1989, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. போன கப்பலில் வந்த இந்த நோட்டில் கோடெல்லாம் கோணல். அடுத்த கப்பல் பிப்ரவரி எட்டாம் தேதிதான் என்பதால் இதிலேயே எழுதித் தொலைக்க வேண்டும். என் கையெழுத்துக்கு இது ஒரு தண்டனை.

நான் எழுதுவது இரண்டு நோட்டு. ஒன்று நிலையத்து நோட்டு, மற்றது இது. நிலையத்து நோட்டில் இன்று எழுதியது: கடற்கரைக் கிணறு 31, நடுக்குழாய் 37, மேல்வாய் 42. மாலை ஐந்தரைக்கு வயர்லெஸ்ஸில் மூன்றையும் சொன்னேன். பெரிய தீவிலிருந்து மேலதிகாரி சேவியர் சார் வழக்கம்போல, "நல்லது பொன்னுரங்கம், நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

இந்தத் தீவே ஒரு எரிமலை. மண்ணுக்குள் இறக்கியிருக்கும் குழாய்களில் வெப்பமானியை விட்டு, அதன் சூட்டை நாள்தோறும் அளந்து சொல்ல அரசாங்கம் என்னை வைத்திருக்கிறது. உச்சிக்குக் கீழே இருக்கும் மேல்வாய்க் குழாயில் சூடு அறுபதைத் தாண்டினால் அன்றே சொல்ல வேண்டும். சொன்ன இரண்டாம் நாள் கப்பல் வந்து நூற்று எண்பத்திரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அப்படித்தான் இருக்கிறது. சனங்களுக்கு நான் ரீடிங்காரர். பொன்னுரங்கம் என்ற பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

முழங்கால் இன்றும் வலி. மேல்வாய்க்கு ஏற இரண்டரை மணி நேரம் ஆகும், இறங்க அதைவிடக் கொடுமை. நேற்று 42. முந்தாநாளும் 42. இன்றைக்கு மட்டும் மாறியா இருக்கப்போகிறது.

ஜனவரி 11, புதன்

கூரைத் தகரத்தில் ஓட்டை. மழைத் தண்ணீர்தான் குடிதண்ணீர் என்பதால் தகரம் இங்கே தங்கத்துக்குச் சமம். காலையெல்லாம் தார் பூசினேன்.

தீவைச் சுற்றிவர ஒன்பது மைல். நடுவில் மலை. கிழக்கே கறுப்பு மணல். கப்பலிலிருந்து வரும் படகு ஒதுங்க அந்த ஓர் இடம்தான் உண்டு. மேற்கே மலை உடைந்து கடலுக்குள் சரிந்து கிடக்கிறது. தெற்குச் சரிவில் என்றைக்கோ வழிந்த குழம்பு இறுகிப் போயிருக்கிறது. நாங்கள் அதை இரும்புக்காடு என்போம். அதில் ஒரு புல்லும் கிடையாது, போட்டுக்கொண்டு நடந்தால் டயர் செருப்புகூட மூன்று மாதம் தாங்காது. மேல்வாய்க்குப் போகும் பாதை அதன் வழியாகத்தான்.

மிச்ச இடமெல்லாம் பொன் விளையும். வாழையும் மரவள்ளியும் கேட்காமலே வளர்கின்றன. எழுபத்து மூன்றில் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்த எங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, வீட்டுக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். மலைத் தோட்டத்தில் மேட்டு லயத்தில், வரிசை வீடுகளில் கிடந்து, ஒவ்வொரு வைகாசியிலும் காற்றுக்குக் கூரையைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். ஒரே குரலில் பள்ளத்தைக் காட்டினோம். மூன்று பக்கமும் மேடு, காற்றே அண்டாது. பதினொரு குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் மகள் தவமணியும் மாப்பிள்ளை இருளப்பனும் அந்த லயத்தில்தான். வயர்லெஸ் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் எங்கள் வீடு மட்டும் மேட்டில்.

மத்தியானம் என் வீட்டுக்காரி அங்கம்மா மரவள்ளிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கே பாதி சமையல் ஆவிக்குழியில்தான். காலையில் பானையைச் சூட்டு மணலில் புதைத்துவிட்டு வேலைக்குப் போய், மத்தியானம் தோண்டி எடுப்பார்கள்.

"மரவள்ளி கூழாப் போச்சுங்க. பத்து மணிக்கே வெந்துருச்சு போல."

"ஆழமாப் பொதச்சிருப்ப."

"பதினாறு வருசமா ஒரே ஆழந்தான்."

பெண்பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி மாளாது. கூழைத் தின்றேன். மேல்வாய் 42.

ஜனவரி 12, வியாழன்

42. தார் காயவில்லை.

ஜனவரி 14, சனி

பொங்கல்.

எங்கள் பொங்கலுக்கு விறகு கிடையாது. கடற்கரை ஆவிக்குழியில் முப்பத்தைந்து பானையையும் வரிசையாகப் புதைத்துவிட்டு, பொங்கி வர மூன்று மணி நேரம் ஆகும் என்று பெண்கள் கும்மியடிப்பார்கள், ஆண்கள் கயிறு இழுப்பார்கள். இந்த வருஷம் கயிற்றை எடுத்துவரப் போன ஆள் திரும்புவதற்குள் முதல் பானை பொங்கிவிட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே பொங்கி வழிந்தன.

குலவை காதைப் பிளந்தது. தலைவர் சன்னாசி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "மலைக்கு மனசு குளுந்துருச்சப்பா. இந்த வருசம் தேங்கா கொட்டப்போவுது" என்றார். கிழடுகள் எல்லாம் ஆமாம் என்றன. அங்கம்மா மட்டும் குலவை போடவில்லை. பானையையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவமணிக்கு ஏழாவது மாதம். கால் வீங்கியிருக்கிறது. எட்டாம் தேதிக் கப்பலில் பிரசவத்துக்குப் பெரிய தீவுக்கு அனுப்ப வேண்டும். இருளப்பன் தன் நாலு ஆட்டுக்கும் மஞ்சள் பூசி, கழுத்தில் சங்குப்பூ மாலை போட்டுக் கூட்டி வந்தான். என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் வேணா மேல போய் ரீடிங் எடுத்துட்டு வரவா? ஆட்டுக்காரனுக்கு மலை ஒரு தூரமா" என்றான். ஒவ்வொரு பண்டிகைக்கும் இதைக் கேட்டுவிடுவான். அது அரசாங்க வேலை, கண்டவன் செய்யக்கூடாது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனான்.

மேல்வாய் 42 என்று சொன்னேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். பொங்கல் இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 16, திங்கள்

மேலே போனேன்.

விடியுமுன் கிளம்பி, குச்சியை ஊன்றி, இரும்புக்காட்டில் நாலு இடத்தில் உட்கார்ந்து, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். குழாயின் மூடி துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. கல்லால் தட்டித்தான் திறக்க முடிந்தது. குழாயைச் சுற்றி இருந்த புதரெல்லாம் காய்ந்து நிற்கிறது. வெப்பமானியை இறக்கிப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி இரண்டு தடவை இறக்கினேன். மூன்று தடவையும் அறுபத்து மூன்று.

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் இரும்புக்காட்டில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்ததிலிருந்து நான் மேல்வாய்க்குப் போனதில்லை. நடுக்குழாய்க்குப் போவதும் எப்போதாவதுதான். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் இரண்டு மூன்று மணி நேரம் படுத்திருந்துவிட்டு வந்து 42 என்று எழுதுவேன். சில நாள் 41. மழை அதிகமென்றால் 40. ஒருமுறை 43 போட்டுவிட்டு, அதிகமோ என்று மறுநாள் குறைத்தேன். முதல் வருஷம் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. முடியவில்லை என்று சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். கொந்தரப்புக் கூலிக்குத் தேங்காய் உரிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவனாகியிருப்பேன். சன்னாசி அண்ணன்கூட என்னை நீங்க என்று கூப்பிடுவது இந்த ரீடிங்குக்காகத்தான்.

இறங்கி வரும்போது கணக்குப் போட்டேன். நேற்று 42, இன்றைக்கு 63 என்று சொன்னால் சேவியர் சார் என்ன நினைப்பார். ஆள் வந்து குழாயைப் பார்ப்பான். எட்டு வருஷத்துத் துருவைப் பார்ப்பான். அதனால் நாளொன்றுக்கு இரண்டு மூன்றாக ஏற்றிக்கொண்டு போனால் ஒரு வாரம், எட்டு நாளில் அறுபதைத் தாண்டிவிடும். கப்பல் தானாக வரும். யாருக்கும் நஷ்டமில்லை. மலை எத்தனையோ காலமாகச் சும்மா இருக்கிறது, எட்டு நாள் பொறுக்காதா.

இன்று சொன்னது 43.

ஜனவரி 17, செவ்வாய்

முழங்கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. அங்கம்மா எருக்கிலை வதக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். ஒரு பக்கத்து அடிப்பாகம் கிழிந்து தொங்கியது.

"நேத்து மலைக்கிப் போனீங்களா?"

"தெனமுந்தான போறேன்."

"ம்" என்றாள். முடிச்சை இறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம்புட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு."

"மரவள்ளி அப்புடிச் சொல்லலயே" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனாள். பதினாறு வருஷத்தில் என் ரீடிங் என்னவென்று அவள் கேட்டது இதுதான் முதல்தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மேல்வாய் 45 என்று சொன்னேன். சேவியர் சார், "கொஞ்சம் ஏறியிருக்கே, கவனிச்சுக்குங்க" என்றார். சொல்லிவைத்த மாதிரி நடக்கிறது.

ஜனவரி 18, புதன்

47. கடற்கரைக் கிணற்றில் அழுகிய முட்டை வாடை. குளிக்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். நண்டுகள் பகலிலேயே மணலுக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஜனவரி 19, வியாழன்

காலையில் பள்ளத்து லயத்தில் பதினேழு கோழி செத்துக் கிடந்தது. காயமில்லை, ரத்தமில்லை. கூடைக்குள் உட்கார்ந்தபடியே செத்திருக்கின்றன. கோழிச் சீக்கு என்று சொல்லி இருளப்பன் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தான். மேலே கூரை விட்டத்தில் அடைந்திருந்த சேவல் மட்டும் நன்றாகக் கூவிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பயிற்சியில் கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கரையான் பாதியைத் தின்றிருந்தது. மிச்சத்தில் இருந்தது: மலை சூடேறும்போது மண்ணிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் காற்றோட்டம் இல்லாத பள்ளங்களில் தண்ணீர்போலத் தேங்கும். முதலில் தரையோடு இருக்கும் சிறு பிராணிகள் சாகும். இதை இரண்டு தடவை படித்தேன். காற்றே வராத இடமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள் நாங்கள்.

தவமணியைக் கூட்டிவர அங்கம்மாவை அனுப்பினேன். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட, பிரசவம் வரை எங்களோடு இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன். வந்துவிட்டாள். இருளப்பனும் ராத்திரி படுக்க இங்கேயே வருகிறேன் என்றான். ஆடு மட்டும் பட்டியில், அங்கேயே.

பிறகு சன்னாசி அண்ணனிடம் போனேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பள்ளத்துச் சனம் ரெண்டு மூணு நாளைக்கி மேட்டுல வந்து படுத்தா நல்லது."

ஊசியை நிறுத்தினார். "ஏன் ரீடிங்காரரே, சூடு ஏறிருச்சா?"

அந்த மனிதர் முகத்தில் பயம் வந்துவிட்டது. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முரசு கொட்டிப் பதினொரு குடும்பத்தையும் கிளப்பியிருப்பார்.

"அப்புடியெல்லாம் இல்லண்ணே. கோழி செத்துருக்கே, ஒரு சுத்தத்துக்குச் சொன்னேன்."

"அட, சீக்குக் கோழிக்காகப் பாயைச் சுருட்டச் சொல்றீங்களா" என்று சிரித்துவிட்டு ஊசியை ஓட்டினார். ஆனாலும் குழந்தைகள் இருக்கும் நாலு வீட்டுக்காரர்களை மேட்டுக்கு அனுப்பினார். மற்றவர்கள், சீக்கு தரையில்தானே, கட்டிலை உயரமாகப் போட்டுக்கொள்கிறோம் என்று இருந்துவிட்டார்கள்.

மேல்வாய் 50.

ஜனவரி 20, வெள்ளி

53. தவமணி தூங்கும்போது வயிற்றின் மேல் கை வைத்துக்கொள்கிறாள்.

ஜனவரி 21, சனி

இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு நாள் கணக்கு சரிவராது என்று தோன்றிவிட்டது. இன்றைக்கே 63 என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை வயர்லெஸ் கொட்டகையில் கூட்டம் இருக்கும். ரீடிங் முடிந்ததும் பெரிய தீவில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேச வருவார்கள். இன்றும் நாற்பது பேர் இருப்பார்கள். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"மேல்வாய் அறுபத்து மூணு சார்."

"என்னது? நேத்து அம்பத்து மூணுதானே."

"இன்னிக்கு அறுபத்து மூணு சார்."

தாள் புரட்டுகிறார் போலிருந்தது. "பொன்னுரங்கம், ஒங்க எட்டு வருஷத்து ரெக்கார்டு எம் முன்னாடி இருக்கு. போன வாரம் வரைக்கும் நாப்பதுக்கும் நாப்பத்து மூணுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி போகுது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத மலை ஒரே நாள்ல பத்து டிகிரி குதிக்குமா? கருவி கெட்டுப்போயிருக்கும். பெட்டியில மாத்து வெப்பமானி இருக்கும், அதை வச்சு மூணு நாள் எடுத்து அனுப்புங்க. அப்பவும் இதே மாதிரி இருந்தா மேல எழுதுறேன். சும்மா கப்பலைக் கூப்பிட்டா யாரு பதில் சொல்றது?"

அவர்மேல் தப்பில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் எழுதியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அந்தக் கோடு நான் போட்டது சார், மலை போட்டதில்லை. வாயில் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இருளப்பன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான், என்னைப் பெருமையாகப் பார்க்கிறவன் அவன் ஒருத்தன்.

"சரி சார்" என்றேன்.

ஜனவரி 22, ஞாயிறு

மாற்று வெப்பமானி என்று சொல்லி 64 அனுப்பினேன். இன்னும் இரண்டு நாள். மத்தியானம் அடுக்குப் பாத்திரம் தானாகக் கிலுகிலுத்தது. தவமணி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னுமில்லம்மா, அப்பா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன்.

ஜனவரி 23, திங்கள்

இருளப்பன் போய்விட்டான்.

ஜனவரி 24, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியாதுதான். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஆடு அவிழ்க்கப் பள்ளத்துக்குப் போனான். பட்டி லயத்துக்கும் கீழே, பள்ளத்தின் அடியில் இருக்கிறது. லயத்திலிருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆடு நாலும் படுத்துக் கிடந்ததாம். அவன் பட்டியைத் தாண்டிக் குதித்து, குட்டியைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. நின்றுகொண்டே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். உதவிக்கு ஓடிய ஒருத்தன் தலை சுற்றி, விழுந்து எழுந்து மேலே ஓடி வந்துவிட்டான். அப்புறம் சன்னாசி அண்ணன் யாரையும் இறங்கவிடாமல் தடுத்து, தேங்காய் பறிக்கும் துரட்டிகளை ஒன்றோடொன்று கட்டி, அவன் சட்டையில் மாட்டி மேட்டுக்கு இழுத்தார். முகம் தூங்குகிறவன் முகமாகத்தான் இருந்தது. தவமணி அவனை உலுக்கி உலுக்கி எழுப்பினாள்.

பள்ளத்து லயம் முழுக்க மேட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் கொட்டகையிலும் சனம். ஐந்தரை மணிக்கு நான் வயர்லெஸ் முன் உட்கார்ந்தபோது தீவே அங்கே இருந்தது. இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

"சேவியர் சார், நான் எட்டு வருசமா மேல்வாய்க்குப் போகல. சொன்ன நம்பர் எல்லாம் நானா எழுதுனது. மலை அப்பவெல்லாம் எப்புடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்ப ஏறிப் பாத்தேன், அறுபத்து மூணு. கருவி நல்லாத்தான் இருக்கு. இன்னிக்குக் காலையில பள்ளத்துல எம் மருமகன் செத்துட்டான்."

அந்தப் பக்கம் மறுபடி தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னிக்குப் பாத்தீங்க?" என்றார்.

"சனிக்கிழமை சார். சொன்ன அன்னிக்கே" என்றேன்.

அது பொய். எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்ட பிறகும் கடைசியாக அந்த ஒரு துணியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

"கப்பலைக் கிளப்பச் சொல்றேன். புதன்கிழமை வந்துரும்" என்றார்.

திரும்பினேன். யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சன்னாசி அண்ணன், "கப்பலு வருதா? அத மட்டும் சொல்லு" என்றார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினார். வருது என்றேன். உடனே அவர் ஆட்களைப் பிரித்து, யார் யார் எந்தப் படகில் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை இருளப்பனை மேட்டில் புதைத்தோம். மண் வெதுவெதுப்பாக இருந்தது. குழி வெட்டியவர்கள் ஆள் மாற்றி மாற்றித்தான் வெட்டினார்கள். மண்வெட்டிக்கு நானும் கை நீட்டினேன், யாரும் கொடுக்கவில்லை.

அங்கம்மாவிடம் மட்டும் கேட்டேன். "ஒனக்குத் தெரியும்ல?"

"மூணு மாசத்துக்கு ஒரு செருப்பு கேக்குற மனுசன், எட்டு வருசமா ஒரே செருப்பப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா தெரியாதா" என்றாள். "சொன்னா வருத்தப்படுவீங்கன்னு இருந்துட்டேன். நானுந்தான் பாவி."

ஜனவரி 25, புதன்

கப்பல் வந்தது. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை பதினாறு நடை படகு. ஆளுக்கு ஒரு மூட்டை. கோழிகளைத் திறந்துவிட்டோம். நூற்று எண்பத்தொரு பேர்.

ஜனவரி 26, வியாழன்

கப்பலில்.

ராத்திரி தீவுக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருந்த கப்பல் காலை எட்டு மணிக்குத்தான் கிளம்பியது. ஒன்பது மணிக்கு உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை எழும்பியது. சத்தம் பிறகுதான் வந்தது. சனமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெற்குச் சரிவு மறைந்தது, கிழக்கே தென்னந்தோப்பு மறைந்தது, அதற்குப் பிறகு தீவு இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. கப்பல்காரர்கள் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். சிலோனை விட்டு வந்த கப்பலிலும் நாங்கள் இப்படித்தான் நின்றோம்.

நான் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் விட்டே எல்லோரும் உட்கார்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. "சனிக்கெழம பாத்துச் சொன்னதாச்சும் சொன்னாரு. அன்னிக்கே கப்பல் கிளம்பியிருந்தாக்கூட திங்கக்கெழம காலைக்குள்ள வந்துருக்காது. அந்தப் பய விதி" என்று ஒருத்தர் சொன்னார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கங்கெட்ட ஆறுதல்தான், ஆனாலும் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தவமணி எழுந்து வந்தாள். மூன்று நாளாக அவள் என் பக்கம் வரவில்லை. எதிரில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க மேல போய்ப் பாத்தது சனிக்கெழமயா?"

"ஆமாம்மா."

"வியாழக்கெழமயே என்னய மேட்டுக்கு வரச் சொன்னீங்க."

நான் நோட்டை மூடினேன்.

"எண்ணெ தேய்க்கன்னு அம்மா சொன்னுச்சு. வந்ததுலருந்து ஒருநாளும் எண்ணெ தேய்க்கல. சனிக்கெழமதான் தெரியும்னா, வியாழக்கெழம என்னயக் கூப்பிட்டது எதுக்குப்பா?"

அவள் கத்தவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். போகவில்லை. இந்த நோட்டைப் பார்த்தாள். "தெனமும் எழுதுவீங்களே, அதுல இருக்குமா?" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மெதுவாக நடந்து அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இங்கிருந்து தெரிகிறாள்.

பதினாறாம் தேதி மாலை சொல்லியிருந்தால் பதினெட்டாம் தேதி கப்பல் வந்திருக்கும். இருளப்பன் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கப்பல்காரர்களோடு சண்டை போட்டிருப்பான். கடைசியில் எனக்காக ஏறியிருப்பான்.

பதினாறாம் தேதியிலிருந்து எழுதியதைக் கிழித்துவிடலாம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். இரண்டு தடவை அந்தப் பக்கங்களைப் பிடித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டால் தவமணி அப்பாவை மன்னித்துவிட்டு இருந்துவிடுவாள், அவளுக்குப் பிறக்கப் போவதை என் மடியில் போடுவாள். அதை நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு நோட்டை அவளிடம் கொடுக்கப் போகிறேன். பதினாறாம் தேதியிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், வேகமாகப் படிப்பாள். கரை தெரிவதற்குள் முடித்துவிடுவாள்.